விற்பவர் பதிலே போட மாட்டேன்கிறார்: பழைய ஆடியோ சாமான் வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், டர்ன்டேபிள் (ரெக்கார்டு சுழற்றும் கருவி), கேசட் டெக் என்று இணையத்தில் வாங்கிக்கொண்டே இருப்பவன் நான், நடுநடுவே சிலவற்றை விற்றும் இருக்கிறேன். இது தெரிந்த யாராவது ஒருவர் வாரம் தவறாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "இந்த ஆள் பதிலே போட மாட்டேன்கிறார், என்ன பண்ணட்டும்?" என்று கேட்பார். ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. தனித்தனியாகத் தட்டித் தட்டி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே போட்டுவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"மெசேஜ் போட்டு ரெண்டு நாள் ஆச்சு, பதிலே இல்லை. ஏமாத்துற ஆளா இருக்குமோ?"

பெரும்பாலும் இல்லை. ஏமாற்ற வந்தவர் உங்களைக் காக்க வைக்கவே மாட்டார். ஐந்து நிமிடத்தில் பதில் வரும், இனிக்க இனிக்கப் பேசுவார், பணம் எப்போது போடுவீர்கள் என்பதில் மட்டும் குறியாக இருப்பார். பதில் போடாதவர் அநேகமாக சோம்பேறி, இல்லையென்றால் பொருள் போன வாரமே விற்றுப்போய் விளம்பரத்தை எடுக்க மறந்தவர். அப்பாவின் ஸ்டீரியோவை விற்கப் போட்டுவிட்டு, வந்து குவியும் கேள்விகளைப் பார்த்து மிரண்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தவர்களும் உண்டு. சில செயலிகளில் முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் செய்தி தனிப் பெட்டிக்குள் போய் விழும், அவர் கண்ணில் அது படவே பட்டிருக்காது.

பணம் கொடுக்காத வரை அவர் பேசாமல் இருப்பதால் உங்களுக்குக் காலணா நஷ்டம் இல்லை. பணம் கொடுத்த பிறகு பேசாமல் இருப்பது வேறு ரகம், அதற்குக் கீழே வருகிறேன். நான் பார்த்தவரை எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கொடுக்கும் முன் பதறுகிறார்கள், கொடுத்த பின் "பாவம், என்ன வேலையோ" என்று பொறுமையாக இருக்கிறார்கள்.

"'இருக்கா?'ன்னு கேட்டேன். படிச்சிட்டார், பதில் இல்லை. வேற என்னதான் கேக்கிறது?"

"இருக்கா?", "கடைசி விலை?" என்று ஒரே வார்த்தையில் வரும் மெசேஜ்களை நான் விற்கும்போதும் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்டவர்களுக்கு "இருக்கு" என்று பதில் போட்டால் பாதிப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். அதனால் கொஞ்ச நாளில் விற்பவருக்குக் கை ஓய்ந்துவிடும். முதல் மெசேஜிலேயே நீங்கள் நிஜமாக வாங்கப் போகிறவர் என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நான் எழுதுவது இப்படி இருக்கும்: "வணக்கம். அந்த டர்ன்டேபிளை நீங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை நேரில் வரமுடியும். இரண்டு வேகத்திலும் சரியாகச் சுற்றுகிறதா, ஊசி எப்போது மாற்றியது, இந்த இரண்டு மட்டும் சொன்னால் போதும்." விலை, எப்போது எடுப்பேன் என்பது, ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய ஒன்றிரண்டு கேள்வி. பத்துக் கேள்வியை ஒரே மூச்சில் கேட்டால் "அப்புறம் உட்கார்ந்து பதில் போடலாம்" என்று ஒதுக்கி வைப்பார், அந்த அப்புறம் வராது. விலை குறைக்கச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு தொகையைச் சொல்லிக் கேளுங்கள், "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றால் அவர் எதற்குப் பதில் சொல்வார்?

"எத்தனை தடவை ஞாபகப்படுத்தலாம்? தொல்லைன்னு நினைச்சுக்க மாட்டாரா?"

இரண்டு தடவை. முதல் மெசேஜுக்கு இரண்டு நாள் கழித்து ஒன்று, அதற்கு நாலைந்து நாள் கழித்து இன்னொன்று. இரண்டாவதில் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள்: "ஞாயிறு வரை பார்க்கிறேன், அதற்குள் தகவல் இல்லையென்றால் வேறு ஒன்றைப் பார்த்துவிடுவேன்." இதில் மிரட்டல் எதுவும் இல்லை, ஆனால் தள்ளிப் போட்டுக்கொண்டிருப்பவர் பல நேரம் இந்த வரியைப் பார்த்துத்தான் எழுந்திருப்பார். அதன் பிறகும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அவருடைய மற்ற கணக்குகளைத் தேடிப் பிடித்து அங்கே போய் எழுதுவது, இரவு பத்து மணிக்கு அழைப்பது எல்லாம் வேண்டாம். நம்மைப் பார்த்து அவர் பயப்படும்படி ஆகிவிடும்.

எனக்கு ஒருமுறை பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. டர்ன்டேபிளின் கண்ணாடி மூடியைப் பரணில் தேடிக்கொண்டிருந்தாராம், கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டாராம். நல்ல மனிதர், இன்றைக்கும் அந்த டர்ன்டேபிள்தான் ஓடுகிறது. ஆனால் இந்த ஒரு கதையை நம்பி எல்லோருக்கும் பதினொரு நாள் கொடுக்காதீர்கள்.

"விலை பேசுற வரைக்கும் டக்டக்னு பதில் வந்துச்சு. 'ஓடுறதை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க'ன்னேன், ஆளைக் காணோம். ஏன்?"

முதல் கேள்வியில் சொன்ன மௌனத்தை விட இது கவனிக்க வேண்டியது. குறிப்பாக ஒன்றைக் கேட்டதும் பேச்சு நின்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பொருள் அவரிடம் இல்லை, பொருளில் நீங்கள் கேட்ட இடத்தில்தான் கோளாறு, அல்லது கேள்வி கேட்காத வேறொருவர் வந்துவிட்டார். மூன்றாவதுதான் நடந்தது என்றால் வருத்தம், ஆனால் நஷ்டம் இல்லை.

கேட்பதை அவருக்கு எளிதாகவும், நமக்குப் பயன்படும்படியும் கேட்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் என்றால் பாட்டு இல்லாமல் ஆன் செய்து வால்யூம் குமிழை மெதுவாக முழுக்கத் திருப்பும் வீடியோ. கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசியும் துருவும், காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். குமிழைத் தொடாமலே அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று உறுமினால் பவர் சப்ளையில் உள்ள பெரிய கப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) காய்ந்திருக்கலாம், செலவு உண்டு. ஸ்பீக்கர் என்றால் முன்பக்கத் துணியைக் கழற்றி வூஃபரின் (அடித்தொனி தரும் பெரிய வட்டம்) விளிம்பை நெருக்கமாக ஒரு படம். அந்த விளிம்பு நுரையால் ஆனது என்றால் பதினைந்து இருபது வருடத்தில் தானாகவே பொடிந்து உதிரும், ரப்பரோ துணியோ என்றால் இன்னும் பல காலம் தாங்கும். டர்ன்டேபிள் என்றால் ஊசி முனை, ஊசியைத் தாங்கும் கை, இரண்டு வேகமும். பின்பக்கத்தில் மாடல் எண்ணும் வோல்டேஜும் அச்சிட்டிருக்கும் தகட்டின் படத்தை எந்தப் பொருளுக்கும் கேளுங்கள். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்குச் செய்தது 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தது 120. இதைப் பார்க்காமல் வாங்கி 230 வோல்ட் பிளக்கில் செருகினால் புகையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

பொருள் அவரிடம்தான் இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் விளம்பரப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள், பழைய விளம்பரம் ஒன்றிலிருந்து எடுத்த படம் என்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். தேதி எழுதிய காகிதத்தோடு படம் கேட்பது பழைய வழக்கம், இப்போது காகிதத்தைப் படத்தில் ஒட்டவைப்பது சிறுபிள்ளை வேலையாகிவிட்டது. அதனால் நான் பத்து விநாடி வீடியோ கேட்கிறேன்: பேஸ் குமிழை இடது கோடிக்குத் திருப்பி, மேலே ஒரு ஸ்பூனை வையுங்கள் என்று. சிரித்துக்கொண்டே செய்துவிடுவார்கள். செய்யாதவர் ஏன் செய்யவில்லை என்று நான் ஆராய்வதில்லை, அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுகிறேன்.

"'டெஸ்ட் பண்ணலை, ஓடும்னு நினைக்கிறேன்'னு சொல்லிட்டு அதோட நிறுத்திட்டார். வாங்கலாமா?"

ஓடாது என்று வைத்துக்கொண்டு விலையைப் பாருங்கள். ஓடாத பொருளுக்கு அது நியாயமான விலை என்றால் வாங்கலாம். கரண்ட் இருக்கிற வீட்டில் ஒரு ஆம்ப்ளிஃபயரைச் செருகிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது, "டெஸ்ட் பண்ணலை" என்று எழுதுபவர்களில் பலர் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள் என்பது என் அனுபவம். விதிவிலக்கு டர்ன்டேபிள். ரெக்கார்டோ, டர்ன்டேபிளுக்கென்றே இருக்கும் போனோ உள்ளீடு உள்ள ஆம்ப்ளிஃபயரோ இல்லாதவருக்கு அதைச் சோதிக்க நிஜமாகவே வழி இருக்காது.

"முன்பணம் போட்டாத்தான் எடுத்து வைப்பேன்கிறார். போட்டா மட்டும் பதில் போடுவாரா?"

பதில் போடச் சோம்பல்படுபவர் பணம் வந்ததும் சுறுசுறுப்பாவார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. முன்பணம் கேட்பதே தவறு என்று சொல்லவில்லை, வருகிறேன் என்று சொல்லி வராமல் போனவர்களிடம் நொந்தவர் கேட்கத்தான் செய்வார். பணம் போகும் பாதையைப் பாருங்கள். வாங்கும் தளத்துக்குள்ளேயே, புகார் கொடுத்தால் திரும்பி வரக்கூடிய முறையில் என்றால் கொடுங்கள். நேரடி வங்கிக் கணக்கு, கிஃப்ட் கார்டு எண், கிரிப்டோ, அல்லது பேபால் என்ற பணம் அனுப்பும் சேவையில் நண்பர்-குடும்பம் (Friends and Family) என்று இருக்கும் வகை, இவற்றில் ஒன்றைத்தான் பிடிவாதமாகக் கேட்கிறார் என்றால் விலகிவிடுங்கள். பேபால் பிடிக்கும் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். "அந்தக் கட்டணத்தை நானே தருகிறேன், சரக்கு வாங்கும் (Goods and Services) வகையிலேயே அனுப்புகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், கேள்வியின் விடை தெரிந்துவிடும்.

"பணம் கொடுத்தாச்சு. நாலு நாளா ஆளைக் காணோம். என்ன பண்றது?"

இங்கேதான் பொறுமையை விட வேண்டும். பதறவும் வேண்டாம், கணக்கு வைத்துக்கொண்டு நடங்கள். முதலில் எல்லாவற்றையும் சேமியுங்கள்: விளம்பரம் முழுவதும் (விளக்கம், படங்கள், தேதி), பேசிய பேச்சு, பணம் போன ரசீது, அவருடைய கணக்குப் பக்கம். விளம்பரம் ஒரு நாள் திடீரென்று மறைந்துபோகும், அதன் பிறகு "முழுதாக வேலை செய்கிறது" என்று அவர் எழுதியதற்கு உங்களிடம் சாட்சி இருக்காது.

பிறகு தளத்தின் மெசேஜ் பெட்டிக்குள்ளேயே ஒரே ஒரு மெசேஜ். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தாலும் இதைத் தளத்துக்குள் போடுங்கள், நாளை புகாரைப் பார்க்கிறவர் கண்ணுக்கு அதுதான் தெரியும். "இந்தத் தேதியில் இவ்வளவு செலுத்தினேன். அனுப்பிய விவரமும் டிராக்கிங் எண்ணும் வியாழக்கிழமைக்குள் வேண்டும். இல்லையென்றால் தளத்தில் புகார் பதிவு செய்வேன்." கோபம், சாபம், அவருடைய வளர்ப்பு பற்றிய விமர்சனம் எதுவும் வேண்டாம். வியாழன் வந்தால் சொன்னபடி பதிவு செய்யுங்கள், இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று மட்டும் இழுக்காதீர்கள்.

காரணம், புகாருக்குக் கெடு உண்டு. பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகராறைத் (dispute) திறக்க வேண்டும், திறந்த பிறகு 20 நாளுக்குள் அதை உரிமைகோரலாக (claim) உயர்த்தாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும், மூடியதை மறுபடி திறக்க முடியாது. ஈபே என்ற விற்பனைத் தளத்தில், பொருள் வந்து சேரும் என்று காட்டிய கடைசித் தேதியிலிருந்து 30 நாள். பொருள் வரவில்லை என்று அங்கே சொன்னதும் விற்பவருக்கு 3 வேலை நாள், அதற்குள் அவர் சரிசெய்யாவிட்டால் ஈபேயையே தலையிடச் சொல்லலாம். நீங்கள் வாங்கும் தளத்துக்கு என்ன கெடு என்பதை இன்றே அதன் உதவிப் பக்கத்தில் பார்த்து காலண்டரில் குறித்துவிடுங்கள். "நாளை அனுப்புகிறேன்" என்று மாதக்கணக்கில் சொல்லும் சிலருக்கு இந்தக் கெடு நம்மை விட நன்றாகத் தெரியும்.

"புகார் கொடுத்தா கோபிச்சுக்கிட்டு அனுப்பாமலே விட்டுட்டா?"

இப்போது மட்டும் அனுப்பியிருக்கிறாரா? நேர்மையான விற்பவருக்கு அந்தப் புகார் ஒரு நினைவூட்டல், டிராக்கிங் எண்ணைப் போட்டால் தீர்ந்தது. என் நண்பர் ஒருவர் மூன்று வாரம் தயங்கிவிட்டுப் புகார் போட்டார், அடுத்த நாள் காலையில் பெட்டி கிளம்பியது. விற்றவர் மன்னிப்பும் கேட்டாராம், அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை என்று.

அட்டைப்பெட்டி கேலிக்குரிய காரணம் இல்லை, நிஜமாகவே பலர் அங்கேதான் சிக்குவார்கள். முப்பது கிலோ ஸ்பீக்கரை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் தள்ளிப்போடுவார்கள், சொல்லவும் கூச்சம். அதனால் பணம் கொடுத்த அன்றே எப்படிக் கட்ட வேண்டும் என்று நான் எழுதி அனுப்பிவிடுவேன். டர்ன்டேபிளுக்கு இது மிக முக்கியம்: சுற்றும் தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும், கையின் பின்னால் இருக்கும் எடையைக் கழற்ற வேண்டும், கையைத் தாங்கியோடு கட்ட வேண்டும், ஊசிக்கு மூடி போட வேண்டும். தட்டு உள்ளேயே இருந்தால் வழியில் குதித்துக் குதித்து அச்சையும் கெடுக்கும், மூடியையும் உடைக்கும்.

"டிராக்கிங் எண் குடுத்துட்டார். ஒரு வாரமா 'தகவல் பெறப்பட்டது'ன்னே நிக்குது"

லேபிள் அச்சிட்டாகிவிட்டது, பெட்டி இன்னும் கூரியர் கைக்குப் போகவில்லை என்று அர்த்தம். லேபிள் போட்டாலே "அனுப்பியாச்சு" என்று பல தளங்கள் காட்டிவிடும், அதை நம்பி உட்காராதீர்கள். கூரியர் அலுவலகத்தை அழைத்து அந்த எண்ணில் பெட்டி வந்திருக்கிறதா, எடை என்ன பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். பன்னிரண்டு கிலோ டர்ன்டேபிளுக்கு இருநூறு கிராம் என்று பதிவாகியிருந்தால் வருவது டர்ன்டேபிள் இல்லை.

"டெலிவரி ஆயிடுச்சுன்னு காட்டுது. என் கைக்கு எதுவும் வரலையே?"

முதலில் பக்கத்து வீடு, காவலாளி, வீட்டில் வேறு யாராவது. எங்கும் இல்லையென்றால் கூரியரிடம் எந்த முகவரியில் கொடுத்தார்கள், யார் கையெழுத்து என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊரிலேயே வேறு ஒரு முகவரிக்குக் காலி உறையை அனுப்பி, "டெலிவரி ஆனது" என்று காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ளும் மோசடி ஒன்று இருக்கிறது. தளம் பல நேரம் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து விற்பவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடும். "கொடுத்த முகவரி இவருடையது அல்ல" என்று கூரியர் எழுதித் தரும் ஒரு வரிதான் அங்கே உங்களைக் காப்பாற்றும்.

"'புகாரை வாபஸ் வாங்குங்க, உடனே பணத்தைத் திருப்பிப் போடுறேன்'கிறார். நம்பலாமா?"

கூடாது. பணம் திரும்ப அனுப்ப அவருக்குப் புகார் மூடப்பட வேண்டிய அவசியமே இல்லை, புகாருக்குள்ளிருந்தே திருப்பித் தரலாம். மூடியதைத் திறக்க முடியாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்காகத்தான் இந்த வேண்டுகோள். "பணம் என் கணக்கில் விழுந்ததும் மூடிவிடுகிறேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்த ஒரு இடத்தில் பதில் போடாத ஆள் நீங்களாக இருக்கலாம்.

"பொருள் வந்துச்சு, ஆனா ஒரு பக்கம்தான் சத்தம் வருது. இப்ப அவர் ஃபோனே எடுக்கலை"

அவரை அழைப்பதை நிறுத்திவிட்டு முதலில் பொருளைப் பாருங்கள், ஏனென்றால் இதில் பாதி கோளாறே இல்லை. இடது வலது ஒயர்களை உள்ளீட்டில் மாற்றிச் செருகுங்கள். சத்தம் வராத பக்கமும் கூடவே மாறினால் கோளாறு ஒயரிலோ பாட்டு வரும் கருவியிலோ, மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் அல்லது ஸ்பீக்கர். ஸ்பீக்கர் ஒயரையும் அதே மாதிரி மாற்றிப் பார்த்தால் இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும்.

சத்தமே வரவில்லை என்றால் பழைய ஆம்ப்ளிஃபயரில் டேப் மானிட்டர் பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது அமுங்கியிருந்தால் கேசட் டெக் பக்கம் மட்டும் கேட்கும், மற்ற எல்லாம் ஊமை. எத்தனை நல்ல ஆம்ப்ளிஃபயர்கள் இந்தப் பட்டனால் "ரிப்பேர்" என்று திரும்பிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சிலவற்றின் பின்னால் ப்ரீ அவுட், மெயின் இன் என்ற துளைகளை இணைக்கும் ப வடிவக் கம்பி இரண்டு இருக்கும். வழியில் அது கழன்று விழுந்தால் ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ சத்தம் போய்விடும், பெட்டியின் அடியில் தேடுங்கள். டர்ன்டேபிள் ஒலி மெலிந்து சன்னமாக வந்தால் போனோ உள்ளீட்டில் செருகவில்லை. சில பழைய சிடி பிளேயர்களின் அடியில் லேசரைப் பூட்டும் திருகு இருக்கும், பயணத்துக்காகப் போட்டது, கழற்றாவிட்டால் டிஸ்கைப் படிக்காது.

இவ்வளவுக்கும் பிறகும் கோளாறு என்றால் மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார், தளமும் தலையாட்டும். போதாததற்குப் பெரிய கப்பாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். கோளாறை வீடியோ எடுங்கள், அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மோகோலையும் தூக்கிப் போடாமல் வையுங்கள், "விவரித்தபடி இல்லை" என்ற வகையில் தளத்தில் புகார் போடுங்கள். "பொருள் வரவில்லை" என்ற வகையில் போட்டால் அவர் டெலிவரி ரசீதைக் காட்டி அன்றே முடித்துவிடுவார். அவர் ஃபோன் எடுப்பதும் எடுக்காததும் இனி ஒரு பொருட்டே இல்லை.

"நண்பர்-குடும்பம் வகையிலதான் அனுப்பித் தொலைச்சிட்டேன். இப்ப?"

பேபாலின் வாங்குபவர் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. ஆனால் அந்தப் பணம் உங்கள் கிரெடிட் கார்டிலிருந்து போயிருந்தால் கார்டு கொடுத்த வங்கியிடம் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். சரக்கு வாங்கும் வகையில் அனுப்பியவர்களுக்கு ஒன்று: பேபாலிலும் வங்கியிலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், வங்கியில் போட்டதும் பேபால் தன் பக்க வழக்கை மூடிவிடும். நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போன பணம் என்றால் அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே உங்கள் வங்கியை அழையுங்கள். அந்தப் பக்கம் பணத்தை எடுத்துவிட்டால் அதோடு சரி. பிறகு போலீஸின் இணையக் குற்றப் பிரிவு. தொகை சின்னது என்று விட்டுவிட வேண்டாம், அதே ஆள்மீது உங்களுக்கு முன்னால் இன்னும் சிலர் புகார் கொடுத்திருக்கலாம்.

நானும் ஒரு கேசட் டெக்குக்கு இப்படி அனுப்பி ஏமாந்தவன்தான். அவருக்கு நல்ல மதிப்பீடுகள் இருந்தன, எல்லாம் ஃபோன் உறை விற்று வாங்கியவை என்பதைப் பணம் போன பிறகுதான் படித்துப் பார்த்தேன்.

"மூணு மாசம் கழிச்சு வந்து 'ஆஸ்பத்திரியில இருந்தேன், இப்ப அனுப்பட்டுமா?'ன்னு கேக்கிறார்"

உண்மையாகவே இருந்திருக்கலாம், நலம் விசாரியுங்கள். புகாரில் பணம் திரும்பி வந்துவிட்டது, பொருள் இன்னும் வேண்டும் என்றால் புதிதாகத் தளத்தின் வழியாகவே மறுபடி வாங்குங்கள். பணம் திரும்பவில்லை என்றால் கெடுவுக்கு எத்தனை நாள் மீதி என்று பார்த்துவிட்டுப் பதில் போடுங்கள். பேபாலின் 180 நாளில் பாதி ஓடிவிட்டது என்றால் அனுதாபமும் புகாரும் ஒரே நாளில் போகட்டும்.

"எனக்கு அனுப்பாத அதே ஸ்பீக்கரை வேற பேர்ல மறுபடி விக்கப் போட்டிருக்கார்!"

ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு சேருங்கள். இரண்டு படத்திலும் ஒரே கீறல், ஒரே சீரியல் எண் இருந்தால் அதை வட்டமிட்டுக் காட்டுங்கள். விளம்பரத்தின் கீழே போய்ச் சண்டை போடத் தோன்றும், வேண்டாம். விளம்பரத்தை எடுத்துவிடுவார், சாட்சி போய்விடும். வேறு பெயரில் வாங்குவது போல நடித்துப் பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதெல்லாம் சினிமாவுக்குச் சரி.

"நானும் இப்ப ஒண்ணு ரெண்டு விக்கிறேன். எல்லாருக்கும் பதில் போட முடியலையே, நானும் அந்த மாதிரி ஆள் ஆயிட்டேனா?"

ஆகிவிட்டீர்கள். பரவாயில்லை, சரிசெய்யலாம். திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்: வோல்டேஜ், ஊசி மாற்றிய வருடம், கரகரப்பு உண்டா, பெட்டி கட்டி அனுப்புவீர்களா, எந்த நாளில் நேரில் வரலாம். கீறல் இருந்தால் கீறலின் படத்தையே முதல் படமாகப் போடுங்கள், வரும் கேள்விகள் பாதியாகக் குறைவதைப் பார்க்கலாம். "மன்னிக்கவும், விற்றுவிட்டது" என்ற வரியை ஃபோனில் சேமித்து வைத்திருக்கிறேன், விற்ற அன்றே கேட்டிருந்த எல்லோருக்கும் அதை ஒட்டிவிடுவேன். போன தடவை அதற்கு "பதில் போட்டதுக்கு நன்றிங்க" என்று ஏழு பேர் எழுதியிருந்தார்கள், அந்த ஏழு பேருக்கும் நான் பதில் போடவில்லை.